சொந்தச் சொல்லா, வந்த சொல்லா? உறவு மொழிகளின் சொற்பகிர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழும் அதன் உறவு மொழிகளும் எவ்வாறு சொற்களைப் பகிர்ந்துகொண்டன என்று பேச்சு எழும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே வகையான ஐயங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, எளியவற்றில் தொடங்கிச் சிக்கலானவற்றுக்குச் செல்லும் வரிசையில் விடை எழுதியிருக்கிறேன். பிறமொழிச் சொற்கள் அனைத்தும் தமிழ் எழுத்திலேயே தரப்பட்டுள்ளன. அவற்றின் உண்மையான ஒலிப்பு முக்கியமாகும் இடங்களில் மட்டும் அதைத் தனியே சுட்டியிருக்கிறேன்.

இரண்டு மொழிகளில் ஒரே சொல் இருக்கிறது என்றால், ஒன்று மற்றொன்றிடம் வாங்கியது என்றுதானே பொருள்?

அவ்வாறு முடிவு கட்ட இயலாது. இரண்டு மொழிகளில் ஒரே சொல் காணப்படுவதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். இரு மொழிகளும் ஒரே மூதாதை மொழியிலிருந்து அதைப் பெற்றிருக்கலாம். தமிழின் 'கண்', கன்னடத்தின் 'கண்ணு', தெலுங்கின் 'கன்னு' ஆகியவை அத்தகையவை. ஒன்று மற்றொன்றிடம் வாங்கியிருக்கலாம். இரண்டுமே மூன்றாவது மொழி ஒன்றிடம் வாங்கியிருக்கலாம். அல்லது ஒற்றுமை முற்றிலும் தற்செயலாக இருக்கலாம்.

மூன்றாவது வகையைப் பலர் மறந்துவிடுகின்றனர். தமிழின் 'ஜன்னல்', சிங்களத்தின் 'ஜனேலய', மலாய் மொழியின் 'ஜெண்டேலா' ஆகிய மூன்றும் ஒத்திருக்கின்றன. இந்த மூன்று மொழிகளும் மூன்று வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. இவற்றுள் எதுவும் இச்சொல்லை மற்றொன்றுக்குக் கொடுக்கவில்லை. போர்த்துகீசியரின் 'ஜனேலா' கடல்வழியாக எல்லாக் கரைகளிலும் இறங்கியதன் விளைவே இது.

உறவுச் சொல்லையும் கடன் சொல்லையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கும்?

ஒரே மாதிரி இருப்பதைவிட, ஒழுங்காக வேறுபட்டிருப்பதுதான் உறவுக்கு வலுவான சான்று. தமிழில் பகரத்தில் தொடங்கும் பழஞ்சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு இணையான இன்றைய கன்னடச் சொற்களை அருகில் வைத்துப் பார்க்கலாம். பால் என்பது 'ஹாலு', பல் என்பது 'ஹல்லு', புலி என்பது 'ஹுலி', பத்து என்பது 'ஹத்து', பாம்பு என்பது 'ஹாவு', பூ என்பது 'ஹூ', புகை என்பது 'ஹொகெ'. ஒன்றிரண்டு சொற்களில் மட்டும் இது நிகழ்ந்திருந்தால் தற்செயல் எனலாம். பாலும் பாம்பும் பத்தும் பொருளால் ஒன்றோடொன்று தொடர்பற்றவை. ஆயினும் எல்லாவற்றிலும் ஒரே மாற்றம் நிகழ்ந்துள்ளது. பழங்கன்னடத்தில் இவை பகரத்தோடுதான் இருந்தன. பகரம் ஹகரமானது ஏறத்தாழ பத்தாம் நூற்றாண்டிலிருந்து படிப்படியாகப் பரவிய மாற்றம்.

இதுபோல இன்னும் பல ஒழுங்குகள் உண்டு. தமிழின் வகரம் கன்னடத்தில், 'அம்பு' என்ற சொல்லில் ஒலிக்கும் பகரமாகிறது: வாய் 'பாயி' ஆகிறது, வேர் 'பேரு' ஆகிறது, வில் 'பில்லு' ஆகிறது, வெண்ணெய் 'பெண்ணெ' ஆகிறது. தமிழின் ழகரம் கன்னடத்தில் ளகரமாகவும் தெலுங்கில் டகரமாகவும் நிற்கிறது: ஏழு, 'ஏளு', 'ஏடு'; கோழி, 'கோளி', 'கோடி'. இத்தகைய ஒழுங்குகளையே ஒலி இயைபு விதிகள் என்கிறோம். ஒரு சொல் இந்த விதிகளுக்கு உட்பட்டிருந்தால் அது பெரும்பாலும் மூதாதையர் வழி வந்தது. விதியை மீறி நின்றால் எங்கிருந்தோ வந்திருக்கிறது என்ற ஐயம் எழ வேண்டும்.

பகரம் ஹகரமானது என்றால் பழைய வடிவம் தமிழில்தானே இருக்கிறது? அப்படியானால் கன்னடமும் தெலுங்கும் தமிழிலிருந்து பிறந்தவைதானே?

பகரத்தைப் பொறுத்தவரை தமிழ் பழமையைக் காத்துள்ளது. ஆனால் எல்லா ஒலிகளிலும் அப்படியில்லை. தமிழின் செவி கன்னடத்தில் 'கிவி'. செய் என்பது பழங்கன்னடத்தில் 'கெய்'. சேரி என்பது 'கேரி'. செம்மை நிறம் 'கெம்பு'. கோத்தர் மொழி, கோண்டி போன்ற பிற உறவு மொழிகளிலும் செவியைக் குறிக்கும் சொல் ககரத்திலேயே தொடங்குகிறது. ஆகவே இங்கே பழைய ஒலி ககரம். இ, ஈ, எ, ஏ ஆகிய உயிர்களுக்கு முன்னால் அதைச் சகரமாக மாற்றியது தமிழ்தான். அந்த உயிரை அடுத்து ட, ண, ள, ழ போன்ற நாமடி ஒலி வந்தால் மட்டும் தமிழ் ககரத்தை விட்டுவைத்தது. கெடு, கிளி, கேள், கீழ் ஆகியவை சகரமாகாமல் தப்பியதற்குக் காரணம் இதுவே. தெலுங்கு அந்த விலக்கையும் ஏற்காமல் 'செடு' என்றே மாற்றிக்கொண்டது.

ஆகவே இம்மொழிகள் அனைத்தும் ஒரு பழைய பொது மொழியின் பிள்ளைகள். ஒவ்வொன்றும் சிலவற்றைக் காத்து, சிலவற்றை மாற்றிக்கொண்டது. இவை சமஸ்கிருதத்தின் கிளைகள் அல்ல, தனியொரு குடும்பம் என்பதை 1816-இல் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் எடுத்துக்காட்டினார். 1856-இல் ராபர்ட் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தின் மூலம் அதை விரிவாக நிறுவினார். மலையாளத்தின் நிலை சற்று வேறு. அதுவும் தமிழும் பிரிந்தது மிகப் பிற்காலத்தில் என்பதால், அவ்விரண்டுக்கும் இடையே உள்ள நெருக்கத்தைக் கன்னடத்துக்கோ தெலுங்குக்கோ நீட்டிப் பார்ப்பது பிழை.

உறவு மொழியிடமே கடன் வாங்கினால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவைதானே?

இந்தத் தொகுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒலி விதியின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. தமிழில் செம்மை, செம்பு, சிவப்பு ஆகிய சொற்கள் சகரத்தில் தொடங்குகின்றன. ஆனால் சிவப்புக் கல்லைக் 'கெம்பு' என்கிறோம். முந்தைய விடையில் சொன்ன விதிப்படி, எகரத்துக்கு முன்னால் வரும் ககரம் தமிழில் சகரமாகியிருக்க வேண்டும்; அடுத்து நாமடி ஒலியும் இல்லை. ஆகவே இது தமிழுக்குள்ளேயே வளர்ந்த சொல்லாக இருக்க முடியாது. கன்னடத்தில் 'கெம்பு' என்றால் சிவப்பு. அந்தச் சொல், மாற்றம் நடந்து முடிந்த பிறகு, கல்லின் பெயராகத் தமிழுக்குள் வந்தது. இவ்வாறு ஒரே மூதாதைச் சொல்லின் இரண்டு வழித்தோன்றல்கள், ஒன்று வீட்டிலேயே வளர்ந்ததும் மற்றொன்று அண்டை வீட்டில் வளர்ந்து திரும்பியதுமாக, ஒரே மொழிக்குள் அருகருகே வாழ்கின்றன.

ஆங்கிலத்தில் 'ஷர்ட்', 'ஸ்கர்ட்' என்ற இரண்டும் இதே கதைதான். பழைய 'ஸ்க' ஒலியை ஆங்கிலம் 'ஷ' என்று மாற்றிக்கொண்டது. ஸ்காண்டிநேவிய உறவு மொழி மாற்றவில்லை. ஆகவே 'ஷர்ட்' சொந்தச் சொல், 'ஸ்கர்ட்' அங்கிருந்து வந்த சொல். பொருளும் மேலாடை, கீழாடை என்று பிரிந்துகொண்டது.

ஒலி விதி உதவாத இடங்களும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். 'பண்டிகை', 'எச்சரிக்கை' போன்ற சொற்கள் தெலுங்கிலிருந்து வந்தவையாகக் கருதப்படுகின்றன. ஆனால் அவற்றின் ஒலிகளில் தமிழ் காதுக்கு உறுத்தும் கூறு எதுவும் இல்லை. இத்தகைய சொற்களுக்கு, பழைய இலக்கியத்தில் இடம் பெறாமை, பிற உறவு மொழிகளில் பரவியுள்ள நிலை போன்ற வேறு தடயங்களைத் தேட வேண்டியிருக்கிறது.

நாம் பேச்சில் 'ரெண்டு' என்கிறோம், தெலுங்கிலும் 'ரெண்டு'தான். இது தெலுங்குச் செல்வாக்கா?

இல்லை. 'இரண்டு' என்பதன் தொடக்க உயிர் பேச்சில் தேய்ந்து ரகரம் முன்னால் வருவது எளிதில் நிகழக்கூடிய மாற்றம். மலையாளத்திலும் 'ரண்டு' என்றே வழங்குகிறது. தெலுங்கு அந்த மாற்றத்தை எழுத்து வழக்கிலும் ஏற்றுக்கொண்டு, இன்னும் பல சொற்களுக்கு விரித்தது. தமிழின் உரல் அங்கே 'ரோலு' ஆனது. ஒரே வகை நிலத்தில் ஓடும் இரண்டு ஓடைகள் ஒரே மாதிரி வளைவதைப் போன்றது இது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீர் பாய்ந்திருக்க வேண்டியதில்லை.

கன்னடத்தில் பறவைக்கு 'ஹக்கி' என்கிறார்கள். பகரம்–ஹகர விதிப்படி அதுவும் பழைய திராவிடச் சொல்தானே?

விதியை நன்கு கற்றவர்களே இந்த இடத்தில் தடுமாறுகின்றனர். 'ஹக்கி' என்பது வடமொழியின் 'பக்ஷி', அதன் உறவான பழைய பேச்சு மொழிகளாகிய பிராகிருதத்தில் 'பக்கி' என்றாகி, கன்னடத்துக்கு வந்து, பின்னர் ஹகரம் பெற்ற சொல். ஒலி மாற்றம் சொல்லின் பிறப்பிடத்தைக் கேட்பதில்லை; மாற்றம் நிகழும் காலத்தில் மொழிக்குள் இருக்கும் சொற்கள் எல்லாவற்றின் மீதும் அது செல்கிறது. அம்மாற்றத்துக்கு முன்பே வந்து குடியேறிவிட்ட கடன் சொல், சொந்தச் சொல்லைப் போலவே உருமாறும். பின்னால் வந்தது உருமாறாமல் நிற்கும். அதனால்தான் இன்றைய கன்னடத்தில் 'பக்ஷி', 'ஹக்கி' இரண்டும் உள்ளன.

ஆகவே விதிக்கு உட்பட்டிருப்பது 'அம்மாற்றத்துக்கு முன்பே மொழிக்குள் இருந்தது' என்பதை மட்டுமே காட்டுகிறது. அதற்கு மேல் மூலத்தைச் சொல்ல, பிற கிளை மொழிகளின் சான்றும் வேண்டும்.

ஒரு மொழியில் பாதிக்கு மேல் அடுத்த மொழியின் சொற்கள் இருந்தால், இரண்டும் ஒரே குடும்பம்தானே?

சொற்களின் எண்ணிக்கை குடும்பத்தைத் தீர்மானிப்பதில்லை. ஆங்கில அகராதியில் பாதிக்கு மேற்பட்ட சொற்கள் பிரெஞ்சு, லத்தீன் வழி வந்தவை. ஆயினும் ஆங்கிலம் ஜெர்மானிய மொழியே. ஜப்பானிய, கொரிய, வியட்நாமிய மொழிகள் மூன்றும் சீனத்திலிருந்து ஆயிரக்கணக்கான சொற்களைப் பெற்றுள்ளன. அவற்றுள் எதுவும் சீனத்தின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. தெலுங்கு, மலையாள எழுத்து நடையில் வடமொழிச் சொற்கள் செறிந்திருப்பதைக் கண்டு அவற்றை வடமொழியின் கிளைகள் என்று கூறுவதும் இதே பிழைதான். வினை திரியும் முறை, வேற்றுமை உருபுகள், நான், நீ போன்ற மூவிடப் பெயர்கள், உடலுறுப்புகளின் பெயர்கள் ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும்.

அடிப்படைச் சொற்களையும் எண்ணுப்பெயர்களையும் யாரும் கடன் வாங்கமாட்டார்கள் என்று படித்தேனே?

எளிதில் வாங்கமாட்டார்கள் என்பதே சரி. பாகிஸ்தானின் பலுசிஸ்தானப் பகுதியில் பேசப்படும் பிராகூயி மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை 'அசிட்', 'இரட்', 'முசிட்' என்று திராவிடச் சொற்களாகவே உள்ளன. நான்கிலிருந்து மேலே சுற்றியுள்ள ஈரானிய, இந்திய ஆரிய மொழிகளின் எண்ணுப்பெயர்கள் வந்துவிடுகின்றன. சிறிய எண்கள் வீட்டுக்குள்ளும், பெரிய எண்கள் சந்தையிலும் கணக்கிலும் புழங்குகின்றன என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கமாக எனக்குத் தோன்றுகிறது.

தமிழிலும் ஒரு சான்று உண்டு. 'ஆயிரம்' என்பது வடமொழியின் 'சஹஸ்ர' என்பதிலிருந்து பிராகிருத வழியாக வந்ததாகவே மொழியியலாளர் பெரும்பாலோர் கொள்கின்றனர். கன்னடத்தின் 'சாசிர', 'சாவிர' ஆகியவை இடைப்பட்ட நிலையைக் காட்டுகின்றன. தெலுங்கின் 'வேயி' சொந்தச் சொல். உறவுப்பெயர்களும் கடந்து செல்லும்: இந்திய ஆரிய மொழியான சிங்களத்தில் மூத்த சகோதரியை 'அக்கா' என்றே அழைக்கின்றனர்.

வடமொழியிலிருந்துதான் தமிழுக்குச் சொற்கள் வந்தன என்கிறார்கள் சிலர், தமிழிலிருந்துதான் அங்கே போயின என்கிறார்கள் சிலர். எது சரி?

இரு திசைகளிலும் சொற்கள் சென்றன. வடக்கிலிருந்து வந்தவற்றில் பழையவை தமிழின் ஒலிக்கு முற்றிலும் இணங்கிவிட்டதால் அடையாளம் தெரிவதில்லை. தொடக்கச் சகரத்தை இழப்பது அவற்றில் அடிக்கடி காணப்படும் கூறு: 'சபா' என்பது அவை ஆயிற்று, 'சிராவணம்' ஆவணி ஆயிற்று, 'சிரவணம்' என்ற விண்மீனின் பெயர் ஓணம் ஆயிற்று, சமணர் என்பதோடு அமணர் என்பதும் வழங்கியது. ஆயிரமும் இந்த வரிசையில்தான் சேர்கிறது.

தெற்கிலிருந்து சென்றவற்றில் மீனைக் குறிக்கும் 'மீன', நீரைக் குறிக்கும் 'நீர' ஆகியவை பரவலாக ஏற்கப்பட்டவை. நெற்களத்தைக் குறிக்கும் 'கல' என்ற சொல் ரிக் வேதத்திலேயே வருகிறது. அதைத் தமிழின் 'களம்' என்பதோடு தாமஸ் பர்ரோ போன்ற அறிஞர்கள் தொடர்புபடுத்தினர். வேளாண்மையும் நீரும் மீனும் தொடர்பான சொற்கள் ஒரு திசையில் சென்றதும், நாட்கணக்கும் சமயமும் தொடர்பான சொற்கள் மறு திசையில் வந்ததும் அம்மக்களிடையே நிலவிய பழக்கத்தின் தன்மையைக் காட்டுகின்றன. எத்தனை சொல் கொடுத்தோம், எத்தனை வாங்கினோம் என்று கணக்குப் பார்த்துப் பெருமையோ சிறுமையோ கொள்வதைவிட, எந்தத் துறைச் சொற்கள் எந்தப் பக்கம் நகர்ந்தன என்று பார்ப்பது பல மடங்கு பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு சொல் எந்தத் திசையில் போனது என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள்?

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்க்கின்றனர். 'கட்டுமரம்' தமிழில் கட்டு, மரம் என்று பொருளோடு பிரிகிறது. ஆங்கிலத்தின் 'கேட்டமரான்' அம்மொழியில் எவ்வாறு வெட்டினாலும் பொருள் தருவதில்லை. பிரிந்து பொருள் தரும் மொழியே பெரும்பாலும் மூல மொழி. அடுத்து, அச்சொல்லுக்கு எந்தக் குடும்பத்தில் பரந்த சுற்றம் இருக்கிறது என்று பார்க்கின்றனர். பொருளின் தாயகம், மிகப் பழைய எழுத்துச் சான்று ஆகியவையும் உதவும். ஆனால் எழுத்தில் முதலில் வந்த இடமே பிறந்த இடம் என்று கொள்ளக் கூடாது, எல்லா மொழிகளும் ஒரே காலத்தில் எழுதப்படவில்லை.

இஞ்சியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பாலி மொழியில் அது 'சிங்கிவேர', கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்', லத்தீன் வழியாக ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்'. வடமொழியில் 'சிருங்கவேர' என்று எழுதி, 'சிருங்கம்' என்றால் கொம்பு என்பதால் 'கொம்பு போன்ற உடலுடையது' என்று விளக்கம் தந்தனர். ஆனால் ஈற்றில் நிற்கும் 'வேர' என்பது நம் வேர்தான். இஞ்சிவேர் என்று பிரித்தால் எந்த வலிந்த விளக்கமும் தேவைப்படுவதில்லை. தமிழில் தொடக்கச் சகரம் இல்லையே என்று கேட்கலாம். முந்தைய விடையில் கண்ட சகர இழப்பு சொந்தச் சொற்களிலும் நிகழ்ந்தது என்பதற்கு இதுவே சான்று: தமிழ் அதை இழப்பதற்கு முன்பே சொல் வடக்கே சென்றுவிட்டது, சென்ற இடத்தில் சகரம் பிழைத்துக்கொண்டது. கடன் வாங்கியவர் சில வேளைகளில் கொடுத்தவரைவிடப் பழைய வடிவத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்.

ஆங்கிலத்தில் 'எய்ட்', தமிழில் 'எட்டு'. கொரிய மொழியில்கூட 'அப்பா' என்கிறார்கள். இதெல்லாம் தற்செயலா?

'எய்ட்', 'எட்டு' இரண்டும் இன்றைய வடிவத்தில்தான் ஒத்திருக்கின்றன. பின்னோக்கிச் செல்லச் செல்ல விலகுகின்றன. ஆங்கிலச் சொல்லின் நடுவே முன்பு தொண்டையொலி ஒன்று இருந்தது. ஜெர்மனின் 'ஆக்ட்', லத்தீனின் 'ஆக்டோ', வடமொழியின் 'அஷ்ட' ஆகியவை அதன் சுற்றம். தமிழின் எட்டுக்குள்ளோ ணகரம் மறைந்திருக்கிறது: எண்பது, எண்ணாயிரம், எண்திசை ஆகியவற்றில் அது வெளிப்படுகிறது, கன்னடத்தில் இன்றும் 'எண்டு' என்றே சொல்கின்றனர். ஒரு பக்கம் 'ஆக்டோ', மறு பக்கம் 'எண்', இரண்டுக்கும் தொடர்பில்லை. உறவுச் சொற்கள் பழைய வடிவங்களில் நெருங்கி வர வேண்டும். தற்செயல் ஒற்றுமைகள் அங்கே கலைந்துவிடும்.

'அப்பா', 'அம்மா' போன்றவற்றை ஒப்பீட்டில் சேர்ப்பதே இல்லை. குழந்தை முதலில் எழுப்பும் ஒலிகள் இதழொலிகளும் அகர உயிரும் என்பதால், உலகெங்கும் பெற்றோர் அவற்றைத் தங்கள் பெயராக எடுத்துக்கொள்கின்றனர் என்று மொழியியலாளர் ரோமன் யாகப்சன் விளக்கினார். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை. ஆஸ்திரேலியாவின் இம்பாபரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்கு 'டாக்' என்றே பெயர். ஆங்கிலத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை, அது 'குடகா' என்ற பழைய வடிவத்தின் தேய்வு. ஆயிரக்கணக்கான சொற்களை உடைய இரு மொழிகளை எடுத்தால் இப்படிச் சில பொருந்தியே தீரும்.

'அவசரம்' என்று தெலுங்கரும் மலையாளியும் சொல்கிறார்கள், ஆனால் நம் பொருளில் இல்லை. ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்?

மூலத்தில் 'அவசர' என்பது வாய்ப்பு, தக்க தருணம் என்ற பொருளுடையது. மலையாளம் அதை அப்படியே வாய்ப்பு என்ற பொருளில் வைத்துக்கொண்டது. தெலுங்கில் அது தேவை. தமிழிலும் கன்னடத்திலும் அது விரைவு. தருணம் வந்துவிட்டது என்றால் ஒன்று தேவைப்படுகிறது, தேவை வந்தால் விரைய வேண்டியிருக்கிறது என்று பொருள் படிப்படியாக நகர்ந்ததாகக் கொள்ளலாம். 'சம்சாரம்' தமிழில் மனைவி அல்லது குடும்பம், மலையாளத்தில் பேச்சு. தமிழில் 'விவசாயம்' என்றால் உழவு. மலையாளத்தின் 'வியவசாயம்' தொழில்துறை. உறவு மொழிகளுக்கு இடையே மொழிபெயர்ப்பவர்கள் அறியாத சொல்லைவிட, அறிந்ததாகத் தோன்றும் இத்தகைய சொல்லிடம்தான் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

போன சொல் திரும்பி வருவதும் உண்டா?

உண்டு. தமிழின் 'கிடங்கு', தெலுங்கின் 'கிட்டங்கி' என்ற சொல் மலாய் மொழியில் 'குடாங்' ஆகி, ஐரோப்பிய வணிகர் வாயில் புகுந்து ஆங்கிலத்தில் 'கோடவுன்' ஆனது. நாம் அதை மீண்டும் வாங்கி 'குடோன்' என்கிறோம். கப்பல், கடை, பெட்டி, கட்டில் ஆகியவையும் மலாய் மொழியில் 'காப்பால்', 'கெடாய்', 'பெத்தி', 'காத்தில்' என்று வாழ்கின்றன. ஏற்றுமதிப் பொருளும் அதை ஏற்றிச் செல்லும் கலமும் விற்கும் இடமும் சேர்ந்தே பயணம் செய்திருப்பதை இந்தச் சிறு வரிசையே காட்டிவிடுகிறது.

தருமபுரிப் பக்கம் 'அள்ளி' என்று முடியும் ஊர்கள் ஏன் இருக்கின்றன?

கன்னடத்தில் சிற்றூரைக் குறிக்கும் 'ஹள்ளி' என்பதே அது. தமிழ் வாயில் ஹகரம் விழுந்துவிட்டது. மாரண்டஅள்ளி இதற்கு எடுத்துக்காட்டு. அதே 'ஹள்ளி', இரண்டாம் விடையில் கண்ட விதிப்படி, தமிழின் பள்ளி, தெலுங்கின் 'பல்லி' ஆகியவற்றின் உடன்பிறப்பு. இரண்டு மொழிகள் கலந்து புழங்கும் பகுதி எதுவரை நீண்டிருந்தது என்பதை ஊர்ப்பெயர்கள் இன்றைய மாநில எல்லையைவிட நேர்மையாகச் சொல்கின்றன.

சொற்கள் மட்டும்தானா, இலக்கணமும் கடனாகப் போகுமா?

போகும், ஆனால் நீண்ட காலம் இருமொழியாளராக மக்கள் சேர்ந்து வாழ வேண்டும். கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் 'நாம்', சேர்க்காமல் சொல்லும் 'நாங்கள்' என்ற வேறுபாடு திராவிட மொழிகளுக்கு உரியது. இந்திய ஆரிய மொழியான மராத்தியில் அது 'ஆபண்', 'ஆம்ஹி' என்று இருக்கிறது. இதற்கு மாறாக, இன்றைய கன்னடம் அந்த வேறுபாட்டை இழந்து 'நாவு' என்ற ஒன்றையே வைத்துக்கொண்டது. இலக்கணக் கூறு ஒன்று குடும்ப எல்லையைத் தாண்டுவதும், குடும்பத்துக்குள்ளேயே ஓரிடத்தில் மறைவதும் இயல்பே. இந்தியா முழுவதும் ஒரு மொழிப் பரப்பு, அதாவது வெவ்வேறு குடும்ப மொழிகள் பழகிப் பழகிப் பொதுக் கூறுகளைப் பெற்ற நிலப்பகுதி, என்று மொழியியலாளர் எமனோ 1956-இல் எழுதியது இத்தகைய பொதுக் கூறுகளை வைத்துத்தான்.

மகாராஷ்டிராவின் சாங்கிலி மாவட்டத்தில் உள்ள குப்வாட் என்ற ஊரைப் பற்றி கம்பர்ஸும் வில்சனும் 1971-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. அங்கே கன்னடம், மராத்தி, உருது, தெலுங்கு ஆகியவை தலைமுறை தலைமுறையாக அருகருகே பேசப்பட்டதால், அவற்றின் தொடரமைப்பு ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. ஒரு வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றினாலே அடுத்த மொழியின் வாக்கியம் கிடைத்துவிடுகிறது. சொற்களோ தனித்தனியாகவே நின்றன. தம் குழு எது என்பதைச் சொல்லால் காட்டிக்கொண்டு, பேசும் உழைப்பை இலக்கணத்தில் குறைத்துக்கொண்டனர்.

இப்படி வாங்கிக்கொண்டே போனால் மொழி அழிந்துவிடாதா?

கடன் சொற்களால் மட்டுமே அழிந்த மொழி எதையும் நான் அறியேன். பேசுவோர் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்காமல் விட்டால்தான் மொழி அழிகிறது. தொல்காப்பியமே சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்து, வடசொல் தமிழ் எழுத்துக்கு இணங்கி வர வேண்டும் என்று நெறி வகுத்தது. கதவைத் திறந்து வைத்து, உள்ளே வருபவர் வீட்டு வழக்கத்தைப் பின்பற்ற வேண்டும் என்ற நிலைப்பாடு அது.

அதே வேளையில், புதுச்சொல் ஆக்கும் முயற்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் பயன் இன்றைய எழுத்து நடையில் ஒவ்வொரு பத்தியிலும் தெரிகிறது. ஐஸ்லாந்து மொழியினர் தொலைபேசிக்கு, இழை என்ற பொருளுடைய 'சீமி' என்ற வழக்கொழிந்த சொல்லை மீட்டெடுத்தனர். ஆக்கவும் வேண்டும், வரலாற்றை மறைக்காமலும் இருக்க வேண்டும்; ஆவணியை வேற்றுமொழிச் சொல் என்று இன்று வெளியேற்றுவதில் பயனில்லை, அது தமிழ்ச்சொல் அன்று என்று ஒருவர் சொன்னால் சினம் கொள்வதிலும் பயனில்லை.

ஒரு சொல்லின் மூலத்தை நானே தேட வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது?

ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து விளக்கம் எழுதத் தொடங்க வேண்டாம். முதலில் ஈறுகளை நீக்கி அடிச்சொல்லை எடுக்கவும். பிறகு தென்மொழிகள் மட்டுமின்றி, கோண்டி, குடுக், பிராகூயி போன்ற தொலைவிலுள்ள உறவு மொழிகளிலும் அது இருக்கிறதா என்று பார்க்கவும். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி 1961-இல் வெளிவந்தது. திருத்திய இரண்டாம் பதிப்பு 1984-இல் வந்தது. இணையத்திலும் அதைத் தேடிப் பார்க்க முடியும். ஒரு சொல் தமிழிலும் ஒரே ஓர் அண்டை மொழியிலும் மட்டும் இருந்தால் கடனாக இருக்கலாம் என்று கருதி மேலும் தேட வேண்டும். தொலைவிலுள்ள கிளைகளிலும் இருந்தால் பழமை உறுதிப்படுகிறது.

பயிற்சிக்கு, நாம் தொடங்கிய 'கண்' என்ற சொல்லையும் 'கல்' என்ற சொல்லையும் எடுத்துக்கொள்ளலாம். பிராகூயியில் அவை தொண்டையில் உரசி எழும் ககரத்தோடு, 'ஃகன்', 'ஃகல்' என்று உள்ளன. இரண்டிலும் ஒரே மாற்றம் இருப்பதால் ஒரு விதி இருக்கிறது என்று ஊகிக்கலாம். 'காண்' என்ற வினைக்கு அங்கே என்ன வடிவம் இருக்க வேண்டும் என்று முதலில் தாளில் எழுதிவிட்டு, அதன் பிறகு அகராதியைத் திறந்து சரிபார்க்கவும்.